மலை வீட்டு கார் ஷெட் தரைக்கு எபாக்சி அடிக்கலாமா?

கேள்வி, 19 நவம்பர் 2023
கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருப்பது: “கோத்தகிரியில் வீடு கட்டி முடிக்கப் போகிறோம். கார் ஷெட் தரை கான்கிரீட் போட்டு மூன்று வாரம் ஆகிறது. பொங்கலுக்குள் குடிபோக வேண்டும். குளிர் பிரதேசத்துக்கு எந்த எபாக்சி நல்லது? கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்கிறார்.”

19 நவம்பர் 2023, இரவு
எல்லாம் ஒன்றல்ல. பொங்கலுக்குள் அடிக்காதீர்கள்.

நான் காரமடையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். என் மாமனார் வீடு கோத்தகிரியில். 2019 டிசம்பரில் அவருடைய ஷெட் தரைக்கு எபாக்சி, அதாவது கலந்து அடித்தால் கெட்டியாக இறுகும் பிசின் பூச்சு, அடித்தேன். அடித்த மறுநாள் காலை தரை முழுவதும் வெள்ளையாக, மெழுகு தேய்த்தது போல் ஒரு படலம். ஒரு மாதத்தில் டயர் நிற்கும் நான்கு இடத்திலும் உரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் பின்சுவர் ஓரமாகக் கொப்புளம். எல்லாவற்றுக்கும் காரணம் குளிர். சாதாரண எபாக்சி பத்து டிகிரிக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. மலைக்கு பாலியஸ்பார்ட்டிக் என்ற வேறு வகைப் பூச்சுதான் சரி. அது குளிரிலும் இறுகும், வெயில் பட்டால் மஞ்சளாகாது. விலை அதிகம், ஆனால் ஒரே முறை செலவு.

20 நவம்பர் 2023
நேற்று எழுதியதை இன்று காலை படித்தேன். வேகத்தில் எழுதிவிட்டேன். மூன்று வாரக் கான்கிரீட் என்று நீங்கள் சொன்னதைத் தாண்டிப் போயிருக்கிறேன். கான்கிரீட்டுக்கு 28 நாள் கணக்கு எல்லோருக்கும் தெரியும். அது வலிமைக்கான கணக்கு. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேற 28 நாள் என்பது நல்ல காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் குறைந்தபட்சம். மலையில், ஐப்பசி கார்த்திகை மழையில், அந்தக் கணக்கு செல்லாது. காலண்டரைப் பார்த்து அடிக்காமல் தரையைச் சோதித்து அடியுங்கள்.

சோதனை எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பாலித்தீன் தாள். நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தரையோடு காற்றுப் புகாமல் மூடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நான் ஒரு முழு நாள் விடுவேன். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் துளி கோத்திருந்தாலோ, தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, அடியிலிருந்து ஈரம் வருகிறது என்று பொருள். ஒரு இடத்தில் ஒட்டினால் போதாது. முன்னால், நடுவில், பின்சுவர் ஓரத்தில் என்று ஒட்டுங்கள்.

22 நவம்பர் 2023
திருப்பூரிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். நூல் மில்லில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவராம். அவர் கேட்ட ஒரே கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை: “குளிர்தான் காரணம் என்றால் ஷெட் முழுவதும் அல்லவா கொப்புளம் வந்திருக்க வேண்டும், பின்சுவர் ஓரத்தில் மட்டும் ஏன்?”

சரியான கேள்வி. நான்கு வருடமாக மூன்று கோளாறுகளை ஒரே மூட்டையாகக் கட்டிக் குளிரின் தலையில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன்.

வெள்ளைப் படலம் குளிரும் ஈரக்காற்றும் சேர்ந்து செய்த வேலை. எபாக்சி இரண்டு டப்பா: பிசின் ஒன்று, அதை இறுக்கும் ஹார்டனர் ஒன்று. ஹார்டனரில் அமைன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இறுகுவதற்குத் தாமதமானால் அந்த அமைன் மேலே வந்து, காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மெழுகு மாதிரி படிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போகும். நான் கழுவாமல் அதன் மேலேயே இரண்டாவது கோட் அடித்தேன். மெழுகின் மேல் பெயிண்ட் எப்படி ஒட்டும்? பட்டறையில் வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டாரை ஓவனில் வைத்துத்தான் எடுக்கிறேன். பிசினுக்குச் சூடு வேண்டும் என்பது தினமும் கையில் படுகிற விஷயம். தரை என்று வந்ததும் அதை மறந்தேன்.

டயர் உரித்தது வேறு கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த டயர் சூடாக இருக்கும். அப்படியே ஷெட்டில் நிறுத்துகிறோம். சூடு கோட்டிங்கை இளக்குகிறது. டயர் ஆறும்போது சுருங்கிப் பிடித்து இழுக்கிறது. மறுநாள் வண்டியை எடுத்தால் கோட்டிங்கும் சேர்ந்து வருகிறது. கோட்டிங் தரையைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் டயரால் உரிக்க முடியாது. ஆக, இது தரையைத் தயார் செய்ததில் உள்ள குறை.

கொப்புளம் தண்ணீர். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

22 நவம்பர் 2023, இரவு
எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றும் தூக்கம் வராது.

மலையில் சமதளம் ஏது? சரிவை வெட்டித்தான் ஷெட். மாமனார் வீட்டு ஷெட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஆறடி உயரத்துக்கு மண். மழை பெய்தால் மலை முழுவதும் குடித்த தண்ணீர் மெல்ல இறங்கிச் சுவருக்குப் பின்னால் தேங்கும். வேறு வழியில்லாததால் அடியால் நுழைந்து தரைக்குக் கீழே வரும். கான்கிரீட் கல் மாதிரி தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அவற்றின் வழியாக ஈரம் ஆவியாக மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் அதன் வாயில் எபாக்சி மூடியைப் போட்டேன். மூடியை அது தூக்கிவிட்டது.

2019இல் அடிப்பதற்கு முன் பக்கத்து வீட்டுப் படகர் சமூகப் பெரியவர் வேலியோரம் நின்று, “இந்த இடத்தில் மழைக்காலத்தில் ஊற்று எடுக்கும், பார்த்துச் செய்யுங்கள்” என்றார். தலையாட்டினேன். ஷெட் காய்ந்துதானே இருக்கிறது என்று நினைத்தேன். 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுவதும் மண் சரிந்தபோது எந்தெந்த இடத்தில் தண்ணீர் பீறிட்டது என்று கண்ணால் பார்த்தவர் அவர். அவர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி கேட்ட கோபி அண்ணாவுக்கு: உங்கள் ஷெட்டின் எந்தச் சுவருக்குப் பின்னால் மண் இருக்கிறது? தரைக்கு அடியில் பாலித்தீன் விரித்துக் கான்கிரீட் போட்டார்களா? மேஸ்திரியிடம் கேளுங்கள். இந்த இரண்டும் தெரிந்த பிறகு எபாக்சியின் பெயரைப் பேசலாம்.

26 நவம்பர் 2023
யாரோ ஒரு தம்பி அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு, மலைக்கு உப்பைத் தாங்கும் கோட்டிங்தான் வேண்டும் என்கிறார். அது எங்கே பொருந்துமோ அங்கே பொருந்தும். என் அக்கா மகன் டென்வரில் இருக்கிறான், அவனிடம் கேட்டேன். அங்கே குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க மெக்னீசியம் குளோரைடு கரைசல் தெளிக்கிறார்கள். காரின் அடியில் ஒட்டிய பனியும் அந்த உப்பும் ஷெட்டுக்குள் வந்து சொட்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். கான்கிரீட் துளைக்குள் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும். உப்பு அதை இன்னும் மோசமாக்கும். அதனால் அவர்களுக்குக் கோட்டிங் என்பது மேலிருந்து வரும் தண்ணீருக்குக் கவசம்.

டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரம். கோத்தகிரி அதைவிட உயரம். ஆனால் நாம் பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரியில் இருக்கிறோம், அவர்கள் 39க்கும் மேலே. நம் மலையில் உறைபனி என்பது ஊட்டியில் காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளங்களில் மார்கழி, தை விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிவது. கூரைக்குக் கீழே இருக்கும் ஷெட் தரை உறைந்து வெடித்ததை நான் பார்த்ததில்லை. நமக்கு எதிரி கீழிருந்து வருகிறது. அவர்கள் மருந்தை வாங்கி நம் நோய்க்குத் தடவக் கூடாது.

27 நவம்பர் 2023
ஒரு வரி. சாலை உப்புக்கு எதிராக அவர்கள் அடிக்கும் இன்னொன்று நமக்கும் உதவும்: சிலேன் சிலாக்சேன் வகைச் சீலர். மேலே படலம் கட்டாது, துளைக்குள் ஊறித் தண்ணீர் ஒட்டாமல் செய்யும். ஆவி வெளியே போக வழி விடும். எண்ணெய்க் கறையைத் தடுக்காது, பளபளப்பும் வராது. ஓதம் உள்ள தரைக்கு இதுவே போதும் என்று இப்போது நினைக்கிறேன். சுவருக்குப் பின்னால் தேங்கித் தள்ளும் தண்ணீரை இதுவும் நிறுத்தாது.

3 டிசம்பர் 2023
ஞாயிறு, கோத்தகிரி போனேன். 2021இல் பழைய கோட்டிங்கை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டோம். 2022 கோடையில் பின்சுவருக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டினோம்: தரை மட்டத்துக்கும் கீழே ஓரடி ஆழம் வரை, அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாய், சுற்றிலும் ஜல்லி, மண் புகாமல் இருக்க வடிகட்டித் துணி, பத்தடிக்கு ஒரு அங்குலம் வாட்டம், கடைசியில் தேயிலைப் பக்கமாகத் திறப்பு. கூரைத் தண்ணீரையும் குழாயில் பிடித்து விலக்கியாகிவிட்டது. அதற்கே எபாக்சியைவிட மூன்று மடங்கு செலவு. அதன் பிறகு தரையைத் தொடவில்லை, வெறும் கான்கிரீட்டாக விட்டிருந்தோம்.

இந்தக் கேள்வி-பதில் இழைக்காகவே நேற்று மச்சினனிடம் சொல்லி நான்கு தாள் ஒட்டச் சொல்லியிருந்தேன். இன்று எடுத்தோம். முன்னால், நடுவில், இடப்பக்கம் மூன்றும் காய்ந்திருந்தன. பின்சுவர் ஓரத் தாளின் அடியில் துளி.

மாமனார் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர், “முழுவதும் ஈரமாக இருந்தது, இப்போது ஒரு ஓரம்தானே, மாப்பிள்ளை” என்றார்.

4 டிசம்பர் 2023
இப்போது புரிகிற இன்னொன்று. 2019இல் அடிப்பதற்கு முன் நான் சோதனையே செய்யாதவன் அல்ல. அந்த வருடம் மார்ச்சில் ஒரு தாள் ஒட்டிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அந்த நம்பிக்கையில் டிசம்பரில் அடித்தேன். முற்றிலும் தலைகீழ். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை வலுவாகப் பெய்யும் இடம். மாசியில் காய்ந்த தாள் மாசியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். கார்த்திகையில் சோதிக்க வேண்டும், மாசியில் அடிக்க வேண்டும்.

21 டிசம்பர் 2023
தரையைத் தயார் செய்வது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் வழக்கம் ஆசிட் ஊற்றிக் கழுவுவது. மலையில் வேண்டாம். ஆசிட்டைப் போக்க ஊற்றும் தண்ணீர் காய வாரக்கணக்கில் ஆகும், அருகிலிருக்கும் இரும்பெல்லாம் துரு ஏறும். கொத்தனார் கரண்டியால் இழைத்து இழைத்து மேலே கொண்டுவந்த சிமெண்ட் பால் படலம் போக வேண்டும். அதற்கு வைரப் பல் பதித்த கப் வீல் மாட்டிய கிரைண்டர்தான் சரி. தேய்த்த பின் தரை உப்புத்தாள் மாதிரி கையில் உரச வேண்டும். ஒரு துளி தண்ணீர் விட்டால் முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் பழைய எண்ணெயோ சீலரோ இருக்கிறது.

தூசி பொல்லாதது, அதில் சிலிக்கா இருக்கிறது. கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பு அல்ல. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. சரியான முகமூடி போடுங்கள், உறிஞ்சும் இயந்திரம் வைத்து வேலை செய்யுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தரைக்கு கிரைண்டர் வாங்கப் போகிறேன் என்றதும் என் மனைவி, இருக்கும் கிரைண்டர் நன்றாகத்தானே மாவு ஆட்டுகிறது என்றாள். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோவையில் வேறு எப்படிப் புரிந்துகொள்வாள்! கடைசியில் வாடகைக்கு எடுத்தேன்.

16 ஜனவரி 2024
மாட்டுப் பொங்கல், பட்டறை விடுமுறை. அளவுக் கணக்கு எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் பெயிண்ட் பத்துச் சதுர மீட்டரில் பரவினால் ஈரத்தில் 100 மைக்ரான் தடிமன், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. டப்பாவில் பாதி தண்ணீரோ கரைப்பானோ என்றால் காய்ந்தபின் 50தான். எங்கள் ஷெட் 11 அடிக்கு 18 அடி, சுமார் 18.4 சதுர மீட்டர். 2019இல் தண்ணீர் கலந்த வகையில் இரண்டு கோட்டுக்கும் சேர்த்து மூன்று லிட்டர் அடித்தேன். காய்ந்தபின் சுமார் 80 மைக்ரான்தான் தேறியிருக்கும். தலைமுடியின் பருமன். அதன் மேல் கார் ஏற்றினேன். கரைப்பான் இல்லாத வகையில் 300 மைக்ரான் வேண்டுமென்றால் இதே தரைக்கு ஐந்தரை லிட்டர். டப்பாவில் “இத்தனை சதுர அடி வரும்” என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

17 ஜனவரி 2024
நேற்றைய கணக்கைப் பார்த்துவிட்டு, தடிமனாக அடித்தால் ஈரத்தை அமுக்கிவிடலாமா என்று ஒருவர் கேட்கிறார். முடியாது. கொப்புளம் பெரிதாக வரும், அவ்வளவுதான்.

11 பிப்ரவரி 2024
திருப்பூர் அக்காவோடு ஒரு கருத்து வேறுபாடு. மில் தரைகளுக்கு மாலையில்தான் அடிப்போம் என்கிறார். காரணம் நியாயமானது. தரை சூடேறும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியே வரும், ஈரக் கோட்டில் குமிழும் ஊசித்துளையும் விழும். ஆறும் நேரத்தில் அடித்தால் அது நிகழாது. சமவெளியில் நானும் அப்படியே செய்வேன்.

மலையில் மாலை ஆபத்து. பிற்பகலில் காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். பனித்துளி கோக்கும் வெப்பநிலை 12 டிகிரி. தரை 16இல் இருந்தால் நான்கு டிகிரி இடைவெளி, அடிக்கலாம். குறைந்தது மூன்று டிகிரி இடைவெளி வேண்டும் என்பதுதான் விதி. ஆறு மணிக்கு மேகம் இறங்கிக் காற்று 14 டிகிரி, ஈரப்பதம் 95 ஆகிவிட்டால் பனித்துளி வெப்பநிலை 13ஐத் தாண்டும். தரை 15இல் இருந்தால் இடைவெளி இரண்டுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரம் இறுகாத எபாக்சியின் மேல் உட்காரும். 2019இல் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் ஆரம்பித்தேன்.

அக்கா இதை ஏற்றுக்கொண்டு ஒரு வழியும் சொன்னார்: முதலில் பிரைமரை மெல்லிய கோட்டாகத் தகட்டால் அழுத்தி இழுத்துத் துளைகளை அடைத்துவிட்டால், காலையில் அடித்தாலும் குமிழி குறையும். ஷெட்டுக்குள் நேர் வெயில் விழாது என்பதும் நமக்குச் சாதகம்.

25 பிப்ரவரி 2024
அடித்துவிட்டோம்.

பாலியஸ்பார்ட்டிக் அல்ல. முதல் நாள் இந்த இழையில் அதை அவ்வளவு உறுதியாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அது நல்ல பொருள்தான். ஆனால் கலந்தபின் கையில் இருக்கும் நேரம் கால் மணி, இருபது நிமிடம். ஈரக்காற்றில் இன்னும் விரைவாக இறுகும். பழகிய ஆட்கள் இல்லாமல் வீட்டில் நாமே செய்கிற வேலை அல்ல. மாசி வெயில் இருக்கும்போது அதன் தேவையும் இல்லை. கரைப்பான் இல்லாத எபாக்சி, குளிருக்கான ஹார்டனர்.

டப்பாக்களை முந்தைய இரவு சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தோம். குளிர்ந்த பிசின் தேன் மாதிரி இழுக்கும், கலக்காது. காலை பத்து மணிக்குத் தரை 15, பனித்துளி வெப்பநிலை 9. கலந்ததும் வாளியிலேயே வைத்திருக்காமல் தரையில் ஊற்றிவிட வேண்டும். குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். மச்சினன் ஒரு அரை வாளியைப் போன் பேசும் நேரத்தில் அப்படித்தான் இழந்தான். புகையே வந்தது.

இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போது குவார்ட்ஸ் மணலைத் தூவினோம். மேகம் நுழைகிற ஷெட்டில் வழவழப்பான தரை முதியவர்களை விழத்தட்டும். 2020இல் என் மாமியார் சறுக்கி, மணிக்கட்டில் கட்டுப் போட்டு ஆறு வாரம் இருந்தார். இந்த இழையில் நிறத்தைப் பற்றி இருபது பேர் கேட்டீர்கள், வழுக்குவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தயவுசெய்து மணல் தூவுங்கள்.

பின்சுவர் ஓரம் இரண்டடி அகலத்துக்கு எபாக்சி அடிக்கவில்லை. சீலர் மட்டும். பார்ப்பவர்கள் வேலை முடியவில்லை என்று நினைப்பார்கள். நினைக்கட்டும்.

10 மார்ச் 2024
இரண்டு வாரம் கழித்து இன்றுதான் கார் ஏற்றினோம். சமவெளியில் ஏழு நாள் போதும். மலையில் இரட்டிப்பாக விடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்ததும் காரை வாசலில் அரை மணி நேரம் நிறுத்தி, டயர் ஆறியபின் உள்ளே விட்டேன். முதல் சில மாதத்துக்காவது இப்படிச் செய்வதாக இருக்கிறேன்.

கோபி அண்ணா எழுதியிருக்கிறார்: பொங்கலுக்குக் குடிபோய்விட்டார்கள், தரையை வெறுமனே விட்டிருக்கிறார், சுவருக்குப் பின்னால் வாய்க்கால் வெட்ட ஆள் பேசியிருக்கிறார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

23 ஜூன் 2024
ஈரோட்டிலிருந்து ஒருவர், இத்தனை பாடு எதற்கு, எங்கள் அப்பாரு போட்ட காவித் தரை எழுபது வருடமாக இருக்கிறதே என்கிறார். இருக்கும். அந்தத் தரை மூச்சு விடும், அதன் மேல் கார் ஏறவில்லை, எண்ணெய் சொட்டவில்லை. அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் வீட்டுக்குள் காவித் தரையே போடுங்கள், நானும் வந்து பார்க்கிறேன். ஷெட்டில் எண்ணெய்ச் சொட்டு அதைக் கறையாக்கிவிடும்.

டயர் இடங்களில் இதுவரை உரியவில்லை.

1 டிசம்பர் 2024
கார்த்திகை. ஒரு வாரம் விடாத மழைக்குப் பிறகு நேற்று பின்சுவர் ஓரம் தாள் ஒட்டி, இன்று எடுத்தோம். துளி இருக்கிறது. சென்ற வருடம் தாள் முழுவதும் இருந்தது. இப்போது சுவரை ஒட்டி உள்ளங்கை அகலம். வாய்க்கால் திறப்பில் தண்ணீர் விரல் பருமனுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எபாக்சி அடித்த பகுதியில் கொப்புளம் ஒன்றும் இல்லை. டயர் நிற்கும் இடங்களைத் தடவிப் பார்த்தேன், பிடிப்பு அப்படியே இருக்கிறது.

படகர் பெரியவர் குடையோடு வந்து நின்று பார்த்தார். அந்த இரண்டடியையும் அடித்துவிடலாமா என்று மச்சினன் அவரிடம் கேட்டான். அவர் வாய்க்கால் பக்கம் கையைக் காட்டி, “அது நிற்கிற வருடம் அடி, கண்ணு” என்றார். மாமியார் அந்த இடத்தில் ஜெரேனியம் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டார்.